நடையை வைத்து ஆளை அடையாளம் காண்பது: சிசிடிவி பதிவோடு முதல்முறை உட்காருகிறவர்களுக்கு

இரவு பதினொன்றரைக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால், வந்தது அப்பாவா தம்பியா என்று கதவைத் திறக்காமலே சொல்லிவிடுவோம். இந்தப் பழக்கத்தை நம்பித்தான் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், பயிற்சியில் இருக்கும் எஸ்.ஐ. ஆகட்டும், தடயவியல் படிக்கிற மாணவராகட்டும், ஜூனியர் வக்கீலாகட்டும், சிசிடிவி பதிவு ஓட ஆரம்பித்த பத்தாவது வினாடியில் "நடையைப் பார்த்தாலே தெரியுதே சார், இவன்தான்" என்கிறார்கள். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட கதை பின்னால் வரும்.

வாசலுக்கு வந்தவர் வீட்டில் இருக்கிற நாலு பேரில் ஒருவர், அதுவும் இருபது வருஷமாக நாம் பார்த்துப் பழகிய நாலு பேர். கேமராவில் நடந்துபோனவனோ ஊரில் யாராகவும் இருக்கலாம். பழகிய ஆட்களிலேயே நாம் நினைக்கிற அளவுக்குக் கெட்டி இல்லை என்பதற்கு 1977இல் கட்டிங், கொஸ்லோவ்ஸ்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் செய்த சோதனையைச் சொல்வார்கள். ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்த ஆறு நண்பர்கள். அவர்களுடைய மூட்டுகளில் ஒளிரும் பட்டையை ஒட்டி, இருட்டில் புள்ளிகள் மட்டும் நகர்கிற மாதிரி படம் எடுத்து, இது யார் என்று அவர்களையே கேட்டார்கள். 100க்கு 38 தடவை சரியாகச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தால் 100க்கு 17 வந்திருக்கும். ஆக நடையில் ஏதோ இருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் 62 தடவை தப்பு.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் வேலை: பதிவைச் சரியாக எடுப்பது

டிவிஆர் (கேமரா பதிவைச் சேமிக்கிற பெட்டி) திரையில் ஓடுவதைச் செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பார்கள். ஆள் எந்தப் பக்கம் போனான் என்று அவசரத்துக்குப் பார்க்க அது போதும், நடையைப் படிக்க உதவாது. திரையின் மினுக்கல், கை நடுக்கம், வாட்ஸ்அப் செய்யும் சுருக்கம் எல்லாம் சேர்ந்து கால் இருக்கிற இடத்தில் ஒரு சாம்பல் நிறத் தேய்ப்புதான் மிஞ்சும். டிவிஆரிலிருந்தே, அதன் சொந்த வடிவத்திலேயே, எதையும் மாற்றாமல் பிரதி எடுக்கவேண்டும். சீக்கிரம் எடுக்கவேண்டும், ஏனென்றால் வன்தட்டு நிரம்பியதும் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். சின்னக் கடைகளில் இரண்டு வாரத்துக்குள்ளேயே இது நடந்துவிடலாம். எடுக்கும்போது டிவிஆர் காட்டும் நேரத்தையும் உங்கள் செல்போன் காட்டும் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பல கடைகளில் அந்தக் கடிகாரம் ஏழெட்டு நிமிஷம் தள்ளி ஓடும், சிலவற்றில் வருஷமே தப்பாக இருக்கும்.

கூடவே சான்றிதழ். பாரதிய சாட்சிய அதினியத்தின், அதாவது புதிய சாட்சியச் சட்டத்தின், 63ஆம் பிரிவு (பழைய சட்டத்தில் 65பி) கேட்கிற சான்றிதழில் இப்போது இரண்டு பாகம் இருக்கிறது. ஒன்றைப் பதிவைத் தருகிறவர் நிரப்பவேண்டும், மற்றதை நிபுணர். இரண்டிலும் ஹேஷ் மதிப்பு (கோப்பில் துளி மாறினாலும் காட்டிக்கொடுக்கிற எண்) வேண்டும். இதை அன்றைக்கே செய்யாமல் ஆறு மாதம் கழித்துக் கடைக்காரரைத் தேடிப் போனால் அவர் கடையை மாற்றியிருப்பார்.

பதிவு வேலைக்கு ஆகுமா ஆகாதா

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகிற கட்டம் இதுதான். என் அனுபவத்தில் வருகிற பதிவுகளில் நிறைய இங்கேயே திருப்பி அனுப்பவேண்டியவை.

ஒரு குதிகால் தரையைத் தொடுவதில் ஆரம்பித்து அதே குதிகால் மறுபடி தரையைத் தொடும்வரை ஒரு நடைச்சுற்று. சாதாரண வேகத்தில் இதற்கு ஒரு வினாடியோ கொஞ்சம் கூடுதலோ ஆகும். அதில் ஏறத்தாழ 60 சதவீத நேரம் அந்தக் கால் தரையில் இருக்கும், 40 சதவீத நேரம் காற்றில். கேமரா வினாடிக்கு 25 பிரேம் பதிந்தால் ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து படம் கிடைக்கும். இடத்தை மிச்சப்படுத்தக் கடைக்காரர் ஐந்து பிரேமுக்குக் குறைத்து வைத்திருந்தால் மொத்தமே ஐந்து படம். குதிகால் தொட்டுப் பாதம் முழுதாகப் படிய சுமார் பத்தில் ஒரு வினாடிதான் ஆகிறது, ஐந்து பிரேமில் அந்தக் கணம் இரண்டு படத்துக்கு நடுவில் விழுந்து காணாமல் போய்விடும். அப்படிப்பட்ட பதிவைப் பார்த்துவிட்டு "இவர் குதிகாலை ஊன்றாமல் பாதத்தைத் தட்டையாக வைக்கிறார்" என்று எழுதினால், நீங்கள் எழுதியது ஆளின் நடையைப் பற்றி இல்லை, டிவிஆர் அமைப்பைப் பற்றி.

அப்புறம் லென்ஸ். மூலையில் மாட்டுகிற அகலக்கோணக் கேமராக்கள் படத்தின் ஓரத்தில் நேர்க்கோட்டை வளைத்துவிடும். கடை ஷட்டரின் விளிம்போ மின்கம்பமோ படத்தில் வில்லாக வளைந்து தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். கம்பமே வளைகிற இடத்தில் ஒருவன் நடந்துபோனால் அவன் காலும் வில்லுக்காலாகத்தான் தெரியும். அதே ஆள் படத்தின் நடுவுக்கு வந்ததும் கால் நிமிர்ந்துவிடும். படத்தின் அகல உயர விகிதத்தையும் பாருங்கள். சில டிவிஆர்களில் பிரதி எடுத்ததும் படம் பக்கவாட்டில் இழுபட்டு, ஒல்லியான ஆள் குண்டாகிக் காலடியும் நீண்டுவிடும்.

இதெல்லாம் தேறினால், எத்தனை முழுச் சுற்று கிடைக்கிறது என்று எண்ணுங்கள். நடக்க ஆரம்பிக்கும் முதல் இரண்டு அடி, நிற்கப்போகும் கடைசி இரண்டு அடி, திரும்புவது, படி ஏறுவது, ஓடுவது, பள்ளத்தைத் தாண்டுவது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். மிஞ்சியதில் இடது வலது இரண்டுக்கும் மூன்று நாலு சுற்றாவது இல்லையென்றால் நான் எழுதுவது ஒரே வரிதான்: ஒப்பிடப் போதாது. விசாரணை அதிகாரி முகம் சுளிப்பார், பரவாயில்லை.

யாரென்று தெரியாத ஆளை முதலில் எழுதுங்கள்

சந்தேக நபரின் படத்தையோ பதிவையோ இந்தக் கட்டம் முடியும்வரை பார்க்காதீர்கள். வழக்கு என்ன, யாரைப் பிடித்திருக்கிறார்கள், அவர் ஒப்புக்கொண்டாரா என்று காதிலும் போட்டுக்கொள்ள வேண்டாம். சந்தேக நபர் நொண்டுவார் என்று தெரிந்தபிறகு பார்த்தால் எல்லாப் பதிவிலும் ஒரு நொண்டல் தெரியும். இது நேர்மைக் குறைவு இல்லை, கண் அப்படித்தான் வேலை செய்கிறது. அதனால் காகிதத்தில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு மூடி வைத்த பிறகுதான் சந்தேக நபரின் பதிவு இருக்கிற இரண்டாவது உறையைப் பிரிக்கவேண்டும்.

எழுதுவதைக் காலில் ஆரம்பித்து மேலே போகிற மாதிரி வைத்துக்கொள்வது எனக்குப் பழக்கம். பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறது, நேராகவா, வெளிப்பக்கமா, உள்ளே திரும்பியா, இரண்டு காலும் ஒரே மாதிரியா. தரையில் முதலில் படுவது குதிகாலா, முழுப் பாதமா, நுனிக்காலா. கணுக்கால் உள்ளே சாய்கிறதா வெளியே மடிகிறதா. முட்டிகள் உரசுகின்றனவா, வில்லாக விலகியிருக்கின்றனவா, ஊன்றும்போது முட்டி பின்னால் வளைகிறதா. காலைத் தூக்கி வைக்கிறாரா, இழுக்கிறாரா, முட்டியை மடக்காமல் பக்கவாட்டில் அரைவட்டம் போட்டுக் கொண்டுவருகிறாரா. ஒரு காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் இறங்குகிறதா. உடம்பு இரண்டு பக்கமும் ஆடுகிறதா. கை வீச்சு இரண்டு பக்கமும் சமமா. தோள் ஒரு பக்கம் சரிந்திருக்கிறதா. தலை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதா.

ஒவ்வொன்றுக்கும் மூன்று பதில்தான்: ஆம், இல்லை, தெரியவில்லை. மூன்றாவதை எழுதக் கூச்சப்படாதீர்கள், நல்ல அறிக்கையில் பாதிக்கு மேல் அதுவாகத்தான் இருக்கும். முன்னாலிருந்து எடுத்த பதிவில் பாதத்தின் கோணமும் முட்டியும் தெரியும், காலடி நீளம் தெரியாது. பக்கவாட்டுப் பதிவில் காலடியும் கைவீச்சும் தெரியும், முட்டி உரசுகிறதா என்று தெரியாது. தலைக்கு நேர் மேலே மாட்டிய கேமராவில் வழுக்கை இருக்கிறதா இல்லையா என்பதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் தெரியாது. இறக்கிவிட்ட வேட்டியிலும் புடவையிலும் முட்டியைப் பற்றிப் பேசவே கூடாது. மடித்துக் கட்டியிருந்தால் அதிர்ஷ்டம்.

நம் பேச்சுவழக்கில் நடைக்கு நிறையச் சொற்கள் உண்டு: தாங்கித் தாங்கி நடப்பது, தத்தி நடப்பது, வாத்து நடை, தேய்த்து நடப்பது. அறிக்கையில் இவற்றை மட்டும் எழுதாதீர்கள். "தாங்கி நடக்கிறார்" என்றால் எந்தக் காலை, அந்தக் காலில் நிற்கிற நேரம் குறைகிறதா, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பிரித்து எழுதவேண்டும். இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் பக்கத்து ஆய்வாளர்கள் இதற்கென்றே ஒரு படிவம் உருவாக்கியிருக்கிறார்கள், ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்க வசதியாக. அந்தப் படிவம் கைக்கு வராவிட்டால் மேலே சொன்ன வரிசையை வைத்து நீங்களே ஒன்று போட்டுக்கொள்ளலாம். எல்லாருக்கும் ஒரே படிவம் என்பது முக்கியம்.

உடம்பா, வேறு ஏதாவதா

சொன்னேனே, அந்தக் கதை. பழகிய புதிதில் ஒரு கடை உடைப்புப் பதிவு. ராத்திரி இரண்டு மணி, ஒரு ஆள் வலது காலை இழுத்து இழுத்துப் போகிறான். பிடித்து வைத்திருந்தவரும் ஸ்டேஷன் வராந்தாவில் வலது காலை இழுத்துத்தான் நடந்தார். எனக்கோ தலைகால் புரியவில்லை, அறிக்கையை மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒன்றும் பேசாமல், "இரண்டு தெரு முன்னாடி மெடிக்கல் ஷாப்பில் ஒரு கேமரா இருக்கு, அதையும் வாங்கிட்டு வா தம்பி" என்றார். வாங்கிவந்து போட்டோம். அதே சட்டை, அதே பை, அதே ஆள், ஜம்மென்று நடந்து வருகிறான். மெடிக்கல் ஷாப் தாண்டியதும் நிற்கிறான், குனிகிறான், வலது செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறான், மறுபடி மாட்டிக்கொண்டு இழுத்தபடி போகிறான். வார் பிய்ந்துவிட்டது, அவ்வளவுதான். பிடிபட்டவருக்கோ பழைய முட்டி அடி. இரண்டு இழுப்புக்கும் சம்பந்தமே இல்லை.

அதிலிருந்து ஒவ்வொரு அம்சத்துக்குப் பக்கத்திலும் ஒரு கட்டம் போட்டு, உடம்பைத் தவிர வேறு என்ன காரணம் இருக்கலாம் என்று எழுதுகிறேன். செருப்பு, ஈரத்தரை, ஏற்றம், ஒரு தோளில் கனமான பை, பாக்கெட்டில் கை, காதில் போன், இடுப்பில் செருகிய பொருள், குடி, அவசரம், பயம். கை வீச்சு ஒரு பக்கம் குறைந்தால் பக்கவாதமும் இருக்கலாம், கையில் போனும் இருக்கலாம். கேமராவில் போன்தான் அதிகம்.

ஒப்பிடுவதற்கான பதிவு

சந்தேக நபரின் நடை வேண்டும். இங்கே இரண்டு வழி. ஒன்று, அவருக்குத் தெரியாமல் ஏற்கெனவே பதிவானது, ஸ்டேஷன் கேமரா, பேருந்து நிலையக் கேமரா மாதிரி. இன்னொன்று நடக்கச் சொல்லி எடுப்பது. நடக்கச் சொல்லி யாரையாவது நிற்கவைத்துப் பாருங்கள், கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை நடக்கிற மாதிரி விறைத்துக்கொண்டு நடப்பார். ஏமாற்ற நினைக்காதவருக்கே அப்படி, நினைப்பவருக்குச் சொல்லவா வேண்டும். அதனால் ஒன்றுக்கு ஆறேழு முறை நடக்கவைத்து, முதல் சிலவற்றைத் தள்ளி, எல்லாப் பதிவையும் அழிக்காமல் வைத்திருக்கவேண்டும். முடிந்தால் அதே இடம், அதே கேமரா, அதே மாதிரி காலணி, பை இருந்தால் அதே எடையில் ஒரு பை.

நம் நாட்டில் இப்படிச் செய்ததில் அதிகம் பேசப்பட்டது பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் வழக்கு. 2017 செப்டம்பர் 5 அன்று பெங்களூரு ராஜராஜேஸ்வரி நகரில் அவர் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். வீட்டுக் கேமராவில் பதிவான ஆள் தலைக்கவசம் போட்டிருந்ததால் முகம் இல்லை. சிறப்புப் புலனாய்வுக் குழு கைது செய்த ஒருவரை அதே மாதிரி நடந்துகாட்ட வைத்துப் பதிவு செய்து, இரண்டையும் குஜராத் தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்பியதாகவும், இரண்டும் பொருந்துகின்றன என்று அங்கிருந்து கருத்து வந்ததாகவும் 2018இல் செய்திகள் வந்தன. முறையைப் புரிந்துகொள்ள மட்டும்தான் இதைச் சொல்கிறேன், யார் செய்தது என்பது நீதிமன்றத்தின் வேலை. எனக்கு இதில் உறுத்துவது ஒன்று உண்டு: குற்றம் நடந்த விதத்தை நடித்துக்காட்டச் சொல்லும்போது, அருகில் நிற்பவர்கள் ஏற்கெனவே அந்தப் பதிவைப் பத்து முறை பார்த்தவர்கள். "இன்னும் கொஞ்சம் குனி, வேகமா வா" என்று யாராவது சொன்னால், நடிப்பு அசலை நோக்கி நகர்ந்துவிடும். அதனால் நடக்கச் சொல்லுங்கள், நடித்துக்காட்டச் சொல்லாதீர்கள், சொல்கிற ஒவ்வொரு வார்த்தையும் பதிவில் கேட்கும்படி ஒலியோடு எடுங்கள்.

சட்டப்படி கட்டாயப்படுத்தலாமா? 1961இல் காதி காலு ஒகாட் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் அமர்வு, கைரேகை, கால்தடம், கையெழுத்து மாதிரி தருவதெல்லாம் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வது ஆகாது என்றது. 2022இன் குற்றவியல் நடைமுறை (அடையாளம்) சட்டம் அளவீடுகள் என்ற பட்டியலில் "நடத்தைசார் இயல்புகள்" என்று ஒரு சொல்லைச் சேர்த்து அதில் கையெழுத்தைப் பெயர் சொல்லி வைத்திருக்கிறது, நடையைச் சொல்லவில்லை. மாதிரி தரச்சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடும் பிரிவிலும் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 349) கையொப்பம், விரல் ரேகை, கையெழுத்து, குரல் இருக்கிறது, நடை இல்லை. அந்த இடைவெளியில்தான் பிரதிவாதி வக்கீல் நுழைவார். ஆகவே அரசு வக்கீலைக் கேட்டு, மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கி, எழுத்தில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு எடுப்பதே புத்திசாலித்தனம்.

ஒப்பீடு

இரண்டாவது உறையைப் பிரித்ததும் சந்தேக நபரின் நடையையும் அதே படிவத்தில் தனியாக எழுதுங்கள். அதன் பிறகுதான் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. ஒரே கட்டத்தில் இருக்கும் பிரேம்களை வையுங்கள், வலது குதிகால் தொடும் படத்துக்கு எதிரில் வலது குதிகால் தொடும் படம். இரண்டு பதிவையும் ஒன்றாக ஓடவிட்டு "பாருங்க, ஒரே மாதிரி" என்று காட்டுகிற வித்தையைத் தொலைக்காட்சிக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள், வேகத்தை ஒத்துப்போக வைத்தால் எந்த இரண்டு மனிதர்களும் ஒரே தாளத்தில் நடப்பதாகத்தான் தெரியும்.

முதலில் தேடவேண்டியது வேற்றுமை. அதுவும் விளக்கமுடியாத வேற்றுமை. பதிவில் உள்ள ஆள் வலது பாதத்தை உள்ளே திருப்பி வைக்கிறான், எட்டுச் சுற்றிலும் அப்படியே, சந்தேக நபரோ இரண்டு பாதத்தையும் வெளிப்பக்கம் விரித்து நடக்கிறார், செருப்பும் தரையும் ஒன்றுதான் என்றால், பொருந்துகிற மற்ற ஆறு அம்சங்களைப் பார்த்து மயங்காமல் அங்கேயே நிறுத்துங்கள். இந்த முறை ஒருவரை விலக்குவதில்தான் கெட்டி. ஒரு அப்பாவியை வெளியே அனுப்புவதற்கு ஒரு உறுதியான வேற்றுமை போதும், ஒருவரை உள்ளே வைக்க நூறு ஒற்றுமை இருந்தாலும் சந்தேகம் தீராது.

இன்னொருவரிடம் கொடுத்து, உங்கள் முடிவைச் சொல்லாமல், அவரையும் தனியாக ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். நடை ஆய்வில் அனுபவம் உள்ள ஏழு பேரை வைத்து பிரிட்டனில் 2013இல் வெளிவந்த ஒரு ஆய்வில், சிசிடிவி மாதிரியான பதிவுகளை ஒப்பிட்டு அவர்கள் சொன்னதில் 71 சதவீதம் சரி. அனுபவசாலிகளுக்கே மீதி 29.

எத்தனை பேர் இப்படி நடப்பார்கள்?

பொருந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு என்ன மதிப்பு? டி.என்.ஏ.யில் இந்த வகை இத்தனை பேரில் ஒருவருக்கு வரும் என்று சொல்லத் தரவு இருக்கிறது. நடைக்கு அப்படி ஒன்றும் இல்லை. 2017இல் லண்டன் ராயல் சொசைட்டியும் எடின்பரோ ராயல் சொசைட்டியும் சேர்ந்து நீதிபதிகளுக்காக வெளியிட்ட கையேடு இதைத்தான் தலையாய குறையாகச் சொல்கிறது: எந்த அம்சம் மக்களிடம் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதற்கு நம்பத்தகுந்த தரவுத்தளம் கிடையாது, ஒவ்வொருவர் நடையும் தனித்துவமானது என்பதற்கும் நிரூபணம் கிடையாது.

இங்கே கணக்குத் தெரிந்த பிள்ளைகள் ஒரு பள்ளத்தில் விழுவார்கள். பாதம் வெளியே திரும்புவது பத்தில் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்வோம், முட்டி உரசுவது பத்தில் ஒருவருக்கு, பாதம் தட்டையாக இருப்பது பத்தில் ஒருவருக்கு, ஆக மூன்றும் சேர்ந்து ஆயிரத்தில் ஒருவர் என்று பெருக்கிவிடுவார்கள். முதலில் அந்தப் பத்தில் ஒன்று என்பதே நான் சும்மா சொன்னது. இரண்டாவது, இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சீட்டுகள் இல்லை. தட்டைப் பாதம் இருந்தால் கணுக்கால் உள்ளே சாயும், கணுக்கால் சாய்ந்தால் முட்டியும் உள்ளே வரும், பாதமும் வெளியே திரும்பும். மூன்று அம்சம் மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒரே காரணமாக இருக்கலாம். பெருக்காதீர்கள்.

அதற்காக எல்லாமே வீண் என்று இல்லை. டென்மார்க்கில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் லின்னெரூப் குழு ஒரு வங்கிக் கொள்ளை வழக்கில், முகமூடி போட்ட ஆளின் நடையில் பாதங்கள் வெளிப்பக்கம் திரும்புவதையும், இடது காலை ஊன்றும்போது கணுக்கால் மடிவதையும் குறித்து, கூடவே படத்திலிருந்து உடம்பின் அளவுகளையும் எடுத்து ஒப்பிட்டார்கள். எனக்குப் பிடித்தது அந்தச் சேர்க்கைதான். இடது கணுக்கால் மட்டும் ஒரு விதமாக மடிவது மாதிரி ஒரு பக்கம் மட்டும் வருகிற, அடிபட்டதாலோ பிறவியிலோ வந்த அம்சத்துக்கு எடை அதிகம். "வேகமாக நடக்கிறார், லேசாகக் குனிந்திருக்கிறார்" என்பதற்கு எடையே இல்லை, சாயங்காலம் ரயிலைப் பிடிக்க ஓடுகிற கூட்டத்தில் பாதிப் பேர் அப்படித்தான்.

கணினி செய்துவிடாதா?

எல்லாரும் கேட்பது. சீனாவில் வாட்ரிக்ஸ் என்ற நிறுவனம் 50 மீட்டர் தூரத்திலிருந்து, முதுகு காட்டி நடந்தாலும் ஆளைச் சொல்லிவிடுவோம் என்று 2018இல் அறிவித்தது, 94 சதவீதத் துல்லியம் என்றும் சொல்லிக்கொண்டது. ஆய்வாளர்கள் வெகுகாலம் பயன்படுத்திய ஒரு சீனத் தரவுத்தொகுப்பில் 124 பேர்தான் இருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் 11 கோணத்தில், வெறுமனே, பையோடு, கோட்டோடு என்று நடக்கவைத்து எடுத்தது. ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகம் 10,307 பேரை 14 கோணத்தில் எடுத்தது. அந்தத் தொகுப்புகளில் எண்கள் நன்றாகவே வரும், கோட்டு மாட்டினால் குறையும். ஆனால் அவை தெளிவான ஆய்வகப் பதிவுகள். மழைத்தண்ணீர் தேங்கிய தெருவில், ஐந்து பிரேமில், தெருநாய் குறுக்கே வர, ஒரு மூலையிலிருந்து எடுத்த பதிவுக்கு அந்த எண்ணைக் கொண்டுவந்து ஒட்டக்கூடாது. எங்கே தேடுவது என்று துப்புக்கு வைத்துக்கொள்ளலாம். சாட்சியாக வைக்கவேண்டுமென்றால் கூண்டில் ஏறி அது எப்படி முடிவுக்கு வந்தது என்று விளக்க ஒரு மனிதர் வேண்டும்.

வீட்டுப் பயிற்சி

வழக்குப் பதிவில் கைவைப்பதற்கு முன்னால் இதை ஒரு மாதம் செய்யுங்கள். ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே உடல்வாகுள்ள எட்டு நண்பர்களிடம் விஷயத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொண்டு, எல்லாருக்கும் தலைக்கவசமும் மழைக்கோட்டும் மாட்டி, முதல் மாடி பால்கனியிலிருந்து தெருவில் நடப்பதைப் படம் எடுங்கள். இரண்டு வாரம் கழித்து, வேறு செருப்பில், மறுபடி. இரண்டாவது தொகுதியை வேறு யாராவது பெயர் மாற்றிக் கலைத்துத் தரட்டும். எட்டு பேரில் ஒருவரை எடுத்துவிட்டு வெளியாள் ஒருவரைச் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது, அதை உங்களிடம் சொல்லக்கூடாது. பெரும்பாலானவர்கள் அந்த வெளியாளையும் யாரோ ஒரு நண்பரோடு பொருத்திவிடுவார்கள். உங்கள் தப்புகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் கூண்டில் "உங்கள் தவறு விகிதம் என்ன?" என்று கேட்டால் கையில் ஏதாவது இருக்கும்.

அறிக்கையும் கூண்டும்

நிபுணர் கருத்து பாரதிய சாட்சிய அதினியத்தின் 39ஆம் பிரிவில் வருகிறது, பழைய 45. பிரிவு இடம் கொடுக்கிறது என்பதற்காக எடையும் கிடைத்துவிடாது. கால்தடத்தைப் பற்றியே 1956இல் பிரீதம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அது இன்னும் ஆரம்ப நிலையில் உள்ள கலை, அதை மட்டும் பெரிதாக நம்பமுடியாது, மற்றச் சூழ்நிலைகளோடு சேர்த்து ஒரு சூழ்நிலையாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. கால்தடமாவது மண்ணில் நிற்கிறது, நடை நிற்பதில்லை. இங்கிலாந்தில் 2000த்திலிருந்தே இந்தச் சாட்சியம் நீதிமன்றத்தில் வருகிறது. 2011இல் ஒட்வே வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், பாதமருத்துவ நிபுணர் ஒருவர் பெட்ரோல் பங்க் பதிவையும் காவலில் எடுத்த பதிவையும் ஒப்பிட்டதை ஏற்றது.

அறிக்கையின் கடைசி வரியை நான் இப்படி எழுதுவேன்: "பார்க்கமுடிந்த பதினோரு அம்சங்களில் ஏழு ஒத்திருக்கின்றன, நாலைத் தீர்மானிக்க முடியவில்லை, விளக்கமுடியாத வேற்றுமை எதுவும் காணப்படவில்லை. இருவரும் ஒருவரே என்பதற்கு இது மிதமான ஆதரவு தருகிறது. இதே அம்சங்கள் உள்ள வேறு நபர்களும் இருக்கக்கூடும்." அந்த "மிதமான" என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்லி நெருக்குவார்கள். எடுக்காதீர்கள்.

குறுக்கு விசாரணையில் வக்கீல் முதலில் கேமரா, பிரேம், செருப்பு என்று சுற்றிவிட்டு, கடைசியில் மெதுவாகக் கேட்பார்: "இந்த ஊரில் இந்த ஏழு அம்சத்தோடும் நடக்கிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களால் சொல்லமுடியுமா?" அரசு வக்கீல் முகத்தைப் பார்க்காமல், நீதிபதியைப் பார்த்து, "சொல்லமுடியாது ஐயா, அதற்கான தரவு இல்லை" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குக் காத்திருங்கள்.